நாயும் பூனையும் இருக்கும் வீட்டுக்குப் புதுக் குட்டி வரும்போது

நாய்க்குட்டி வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குட்டியைப் பற்றியே யோசிக்கிறார்கள். என்ன பெயர் வைப்பது, என்ன சாப்பாடு கொடுப்பது, எங்கே படுக்க வைப்பது என்று. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாயோ இரண்டு பூனையோ இருந்தால், யோசனையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். எட்டு வாரக் குட்டி எந்த வீட்டிலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வாசல் நடையைத் தன் இடமாக வைத்திருக்கும் பெரிய நாய்க்கும், ஜன்னல் திண்டில் வெயில் காயும் பூனைக்கும்தான் தினசரி வாழ்க்கை தலைகீழாகப் போகிறது. இதுவரை அவர்களுக்குக் கிடைத்த இடம், சாப்பாடு, உங்கள் நேரம் மூன்றும் குறையாமல் பார்த்துக்கொண்டால் குட்டியைப் பழக்குகிற வேலை பாதியாகிவிடும். அதில் குறை வைத்தால், எவ்வளவு சாதுவான குட்டி வந்தாலும் வீடு சண்டைக்காடாகும்.

முடிவு செய்வதற்கு முன்

முதலில் பெரிய நாயைப் பாருங்கள். படி ஏறும்போது தயங்குகிறதா, எழுந்திருக்கும்போது பின்னங்கால் இழுக்கிறதா? மூட்டு வலி இருக்கும் கிழ நாயின் மேல் குட்டி ஏறி விழுந்தால் அது கடிக்கத்தான் செய்யும். அதற்கு வலிக்கு மருத்துவம் பார்த்துவிட்டு அப்புறம் குட்டியைப் பற்றிப் பேசலாம். கேட் பக்கம் யார் போனாலும் குரைக்கிறது, தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது என்றால், அதையும் முதலில் சரி செய்யுங்கள். குட்டி அண்ணனைப் பார்த்துத்தான் கற்கும். இல்லாவிட்டால் இரண்டு நாய் சேர்ந்து கேட்டில் குரைக்கும்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைத் துணைக்குத் துணையாக இருக்கட்டும் என்று சேர்த்து எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, மனிதர் சொல்வதைக் காதில் வாங்காமல் வளரும். பாலினத்தைப் பொறுத்தவரை, இருக்கிற நாய்க்கு எதிர்ப் பாலினக் குட்டி பொதுவாகச் சுலபம். இரண்டு பெண் நாய்களுக்குள் பகை முற்றினால் அதைத் தீர்ப்பது கடினம்.

இனமும் முக்கியம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நம் ஊரின் அருமையான நாய்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓடுகிற பிராணியைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. சிறுவயதிலிருந்து பூனையோடு வளர்ந்தால் வீட்டுப் பூனையைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளலாம். அதே நாய் மதில் மேல் போகும் பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டால் பாயும். கோழியோ முயலோ வளர்க்கிற வீட்டில் இதை யோசித்தே எடுக்க வேண்டும். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டிகளில் தாய் நாயைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். தெருப் பூனைகளை அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு நல்ல அடையாளம்.

எட்டு வாரம் முடியாத குட்டியை எடுக்காதீர்கள். ‘நாற்பத்தைந்து நாள் ஆச்சு, தூக்கிட்டுப் போங்க’ என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளே எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. சட்டத்தை விடுங்கள், பல பிராணிகள் உள்ள வீட்டுக்கு இது உயிரான விஷயம். எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் அந்தக் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் கற்கிறது. அதைக் கற்காமல் வரும் குட்டிக்கு உங்கள் பூனை நகத்தால் கற்றுக் கொடுக்கும்.

குட்டி வருவதற்கு முன்பே இருக்கிறவர்களின் தடுப்பூசி எல்லாம் நாள் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூனைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாய்க்கு ஒழுங்காக ஊசி போடுகிற பல வீடுகளில் பூனைக்கு ஒன்றுமே போட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டைத் தயார் செய்வது

வீட்டில் குட்டி நுழைய முடியாத இடங்கள் இருக்க வேண்டும். செலவு அதிகமில்லை. குழந்தைகளுக்காக வாசலில் மாட்டும் தடுப்புக் கேட் ஒன்று, அல்லது அறை வாசலில் குறுக்கே நிறுத்தும் பிளைவுட் பலகை. பலகை பூனை தாண்டும் உயரத்திலும் குட்டி தாண்ட முடியாத உயரத்திலும் இருக்கட்டும். பெரிய நாய் படுக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று, பூனையின் மணல் தொட்டி இருக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று.

பூனைக்கு உயரம் வேண்டும். ஃபிரிட்ஜ் மேல், பீரோ மேல், பரண், ஜன்னல் திண்டு என்று தரையைத் தொடாமலே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற மாதிரி வழி அமைத்துக் கொடுங்கள். பழைய ஸ்டூலைச் சுவரோரம் போட்டாலே சில வீடுகளில் போதும். தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பூனை ஓடாது. ஓடாத பூனையைக் குட்டி துரத்தாது. பூனை நாய் சிக்கலில் முக்கால்வாசி இந்த ஓட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

குட்டிக்கென்று ஒரு கூண்டோ சின்ன வேலித் தடுப்போ வாங்குங்கள். கூண்டு என்றதும் பெரியவர்கள் ‘பாவம், அடைச்சு வைக்காதே’ என்பார்கள். கதவைத் திறந்து வைத்து, உள்ளே மெத்தை போட்டு, சாப்பாட்டை அங்கேயே வைத்துப் பழக்கினால் குட்டி அதைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பருவம் அது. தூங்கவிடாமல் கொஞ்சிக்கொண்டே இருந்தால்தான் மாலையில் வெறி பிடித்த மாதிரி எல்லோரையும் கடித்துக்கொண்டு ஓடும்.

வீட்டைச் சுற்றி அரளி இருந்தால் வேலி போடுங்கள், அதன் இலை எல்லாப் பிராணிக்கும் விஷம். லில்லிப் பூ வகைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தண்டு இருந்த தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் கெடும்.

முதல் நாள்

முடிந்தால் ஓரிரு நாள் முன்பே குட்டி படுத்திருந்த துணி ஒன்றை வாங்கி வந்து வீட்டில் போட்டு வையுங்கள். பெரிய நாயும் பூனையும் மோந்து பார்க்கட்டும். உங்கள் நாயின் துணி ஒன்றைக் குட்டியிடமும் கொடுத்துவிட்டு வரலாம். முகம் பார்ப்பதற்கு முன்பே வாசனையில் அறிமுகம் ஆகிவிடும்.

தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால் இந்த அறிமுகமெல்லாம் பிறகுதான். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் இரண்டும் உடம்பில் புகுந்து சில நாள் கழித்தே வெளியே தெரியும். குட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றவற்றைத் தொடாதீர்கள், அந்த அறைக்குத் தனிச் செருப்பு வையுங்கள். பார்வோ வைரஸ் சாதாரண சோப்புக்குச் சாகாது. மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பிராணிகள் அப்போது அங்கே இருக்கக் கூடாது.

பெரிய நாய்க்கும் குட்டிக்கும் முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். மொட்டை மாடியோ, காம்பவுண்டுக்குள் பெரிய நாய் அதிகம் புழங்காத மூலையோ போதும். இரண்டு பேர் வேண்டும். பெரிய நாயைப் பெல்ட்டில் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் அதற்கும் தெரியும். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தாமல், இடைவெளி விட்டு ஒரே திசையில் சேர்ந்து நடங்கள். மூன்று நான்கு விநாடி மோந்து பார்க்க விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு கறி கொடுத்து விலக்குங்கள். திரும்பவும் அதே மாதிரி. உடம்பு தளர்ந்து, வால் அகலமாக ஆடினால் சரி. முன்னங்காலைத் தரையில் சாய்த்துப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால், விளையாடக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிய அசையாமல் நின்றால் அதற்கு மேல் நெருக்காதீர்கள். வால் ஆடுகிறதே என்று நம்ப வேண்டாம். விறைத்த வாலும் ஆடும்.

அதன் பிறகு வீட்டுக்குள் போகும்போது பெரிய நாய் முன்னால் போகட்டும். குட்டியை நீங்கள் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் பெரிய நாயின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது எம்பிக் குதிக்கும், குட்டி பயப்படும்.

முதல் சில இரவுகள் குட்டி அழும். வராந்தாவில் தனியாகப் போட்டுவிட்டு ‘அழுது பழகட்டும்’ என்று விடாதீர்கள். கூண்டை உங்கள் கட்டில் பக்கத்தில் வைத்து, விரல் படுகிற தூரத்தில் தூங்க விடுங்கள். துணைக்குப் பெரிய நாயோடு சேர்த்துப் படுக்க வைப்பதும் இப்போது வேண்டாம்.

உறுமலை அடக்காதீர்கள்

பெரிய நாய் குட்டியைப் பார்த்து உறுமினால் நமக்குப் பதறுகிறது. உடனே ‘சீ, சும்மா இரு’ என்று ஒரு தட்டுத் தட்டுகிறோம். இதைவிடக் கெடுதலான பழக்கம் இல்லை. உறுமல் ஒரு எச்சரிக்கை. எச்சரித்தால் அடி விழும் என்று கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

எங்கள் வீட்டுப் பெரிய நாயிடம் பார்த்ததைச் சொல்கிறேன். படுத்திருக்கும்போது குட்டி வந்து காதைப் பிடித்து இழுக்கும். முதலில் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குட்டி விடாது. நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கும், கொட்டாவி விடும். அது தூக்கக் கொட்டாவி இல்லை, சங்கடம். குட்டி மறுபடி இழுக்கும். அப்போது மேலுதடு ஒரு பக்கம் லேசாக ஏறும், பல் தெரியும், அடித்தொண்டையில் சத்தம் வரும். அதற்கும் அடங்காவிட்டால் காற்றில் ஒரு கடி, குட்டியின் மேல் படாது. குட்டி வீலென்று கத்திப் பின்வாங்கும். பெரியது உடனே தலையைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். இத்தனையும் நடக்க அரை நிமிடம்கூட ஆகாது. இது நல்ல பாடம். குட்டி விலகிய பிறகும் பெரிய நாய் துரத்திப் போனாலோ, ரத்தம் வந்தாலோ, குட்டியைக் கண்டாலே விறைத்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் கண்டிக்கும் வேலை முழுவதையும் பெரிய நாயின் தலையில் கட்டிவிடக் கூடாது. முகத்தைத் திருப்புகிற அந்த முதல் கட்டத்திலேயே நீங்கள் குட்டியைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக விடும் நேரம் பத்து, பதினைந்து நிமிடங்களாகத் தொடங்கட்டும். நீங்கள் குளிக்கப் போனால், சமைக்கப் போனால் நடுவில் கேட்.

பெரிய நாயோடு தனியாகக் கழிக்கும் நேரத்தை ஒரு நாளும் விடாதீர்கள். காலை நடை அதற்கு மட்டும். குட்டி ஊளையிட்டாலும் பரவாயில்லை. குட்டிக்கும் இது தேவை. அண்ணன் இல்லாமல் தனியாக இருக்கவும் தெரிய வேண்டும். எப்போதும் சேர்ந்தே வளர்ந்த குட்டி, பெரியதை ஊசிக்குக் கூட்டிப்போன ஒரு மணி நேரத்தில் வீட்டையே ரகளையாக்கும். நாளைக்குப் பெரியது இறந்தால் நொறுங்கியே போகும்.

பூனை தன் நேரத்தில் வரும்

பூனையைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்க் குட்டியின் முகத்தில் காட்டுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் உங்கள் கையில் ரத்தம் வரும், குட்டியின் கண் போகவும் வாய்ப்பு உண்டு. பக் மாதிரிக் கண் வெளியே துருத்தியிருக்கும் குட்டிகளுக்கு இது பெரிய ஆபத்து. குட்டி வருவதற்கு முன் பூனையின் நகத்தின் கூர்முனையை மட்டும் வெட்டி விடுங்கள்.

முதல் சில நாள் பூனை வேறு அறையில் இருக்கட்டும். மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள்; வாசனையும் சாப்பாடும் சேர்ந்து வரும். அப்புறம் குட்டி கூண்டில் தூங்கும்போது கதவைத் திறந்து விடுங்கள். பூனை தானாக வந்து பார்க்கும். சீறும், முதுகைத் தூக்கும், போய்விடும். சீறினால் திட்ட வேண்டாம். வாலைத் தரையில் அடித்து, காதைப் பின்னால் மடக்கி, கண்மணி விரிந்திருந்தால் அன்றைக்கு அது போதும்.

குட்டி விழித்திருக்கும்போது சந்திப்பு என்றால், குட்டிக்கு ஹார்னஸ் என்ற மார்புப் பட்டையை மாட்டி, அதன் கயிற்றை நீங்கள் பிடித்திருக்க வேண்டும். இங்கே குட்டிக்குக் கற்றுத்தர வேண்டியது ஒன்றுதான். பூனையைப் பார்த்ததும் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பூனை அறைக்குள் வருகிறது, குட்டி பார்க்கிறது, அந்த நொடியிலேயே பெயர் சொல்லி ஒரு துண்டு வேகவைத்த கோழி. திரும்பத் திரும்பச் செய்தால், பூனை வந்ததும் குட்டி உங்கள் கையைத் தேடும். துரத்த விட்டுவிட்டுக் கத்துவதில் பயனில்லை. துரத்துவதே அதற்குப் பெரிய பரிசு. ஒவ்வொரு துரத்தலும் அடுத்ததற்கு ஆசையைக் கூட்டும்.

சில பூனைகள் ஒரு வாரத்தில் குட்டியோடு படுத்துவிடும். சிலவற்றுக்கு மாதக் கணக்கில் ஆகும். ஒரே அறையில் இரண்டும் அதனதன் பாட்டுக்கு இருந்தாலே வெற்றிதான். பூனை சாப்பிடாமல் ஒரு நாள் போனாலோ, மணல் தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தாலோ, ஒளிந்த இடத்தை விட்டு வராமலே இருந்தாலோ, நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். ஒரு படி பின்னால் போய் மறுபடி கதவை மூடுங்கள்.

கோழி, முயல், லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். எவ்வளவு பழகினாலும் நாயை அவற்றோடு ஆளில்லாமல் விடக் கூடாது. கடிக்கவே வேண்டாம், கூண்டைச் சுற்றி ஓடினாலே முயல் அதிர்ச்சியில் செத்துப்போகும். பறவைக் கூண்டு உயரத்தில், வேறு அறையில் இருக்கட்டும்.

சாப்பாடு

மூன்று மாதம் வரை குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. வெறும் பால் சோற்றில் வளர்த்தால் எலும்பு பலம் பிடிக்காது, பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கும் கொடுக்கும். குட்டிகளுக்கான நல்ல கம்பெனி உணவோ, மருத்துவர் சொல்லும் அளவில் முட்டை, கறி, சோறு, கால்சியம் கலந்த வீட்டுச் சாப்பாடோ கொடுங்கள்.

எல்லோருக்கும் தனித்தனி இடம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இடம். பெரிய நாய்க்கு முதலில், அதன் பழைய இடத்தில். குட்டிக்குக் கூண்டுக்குள். பூனைக்கு மேடை மேல். பதினைந்து நிமிடத்தில் தட்டுகளை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு கிடப்பது பல பிராணிகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம், குட்டிக்கு வயிறு கலங்கும். நாய் உணவோ பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து போதிய அளவில் கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் பழுதாகும்.

வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை எலும்புத் துண்டால் வருபவை. ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பை நடுக்கூடத்தில் போடாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு குத்தீட்டியாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதை யாருக்குமே போடக் கூடாது. வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார்ச் சோறும், பாயசத்து உலர்திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு விஷம். வீட்டுக்கு வரும் தாத்தா பாட்டியிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்; ஆசையாகத்தான் கொடுப்பார்கள்.

கழிப்பிடப் பழக்கம்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போங்கள். இந்த மூன்று நேரமும் தவறாது. நடுவில் மணிக்கொரு தரம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தடுப்பூசி முழுதாக முடியும் வரை தெருநாய்கள் புழங்கும் இடம் வேண்டாம். மொட்டை மாடியில் மண் தொட்டியோ, சொந்தக் காம்பவுண்டின் ஒரு மூலையோ போதும். பெரிய நாய் போகும் இடத்தையே குட்டிக்கும் காட்டினால் வாசனை பிடித்துச் சீக்கிரம் பழகும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் குட்டிக்கு விளையாட்டில்தான் கவனம் போகும், வீட்டுக்குள் வந்து போய்விடும். தனியாகக் கூட்டிப் போங்கள். முடித்த அந்த நொடியில் பாராட்டி ஒரு துண்டு கொடுங்கள்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வேண்டாம். உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்றுதான் அது கற்கும். இடத்தைச் சுத்தம் செய்ய ஃபினாயில் எடுக்காதீர்கள். பூனை வீட்டில் அது கூடவே கூடாது. ஃபீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்பில் ஏறும். பிராணிகளின் சிறுநீர் வாடையை முறிக்கும் என்சைம் கலந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி வெயிலில் காய விடுங்கள்.

இன்னொன்று. குட்டிகள் பூனையின் மணல் தொட்டியைத் தோண்டி உள்ளே இருப்பதைத் தின்னும். திட்டித் திருத்துவதைவிடத் தொட்டியை எட்டாத இடத்தில் வைப்பது மேல்.

கடியும் சொல் பழக்கமும்

நான்காம் மாதம் பால் பல் விழத் தொடங்கும். ஏழாம் மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். அதுவரை கையில் கிடைத்ததை, காலில் பட்டதைக் கடிக்கும். ஈரத் துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்து ஈறு அரிக்கும்போது கொடுங்கள். கையைக் கடித்தால் விளையாட்டு அங்கேயே நிற்க வேண்டும். எழுந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் போங்கள், அரை நிமிடம் கழித்து வாருங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கடிக்க விட்டுச் சிரித்தால் மற்றவர்கள் செய்தது அத்தனையும் வீண்.

சொற்களிலும் அப்படித்தான். அப்பா ‘உட்காரு’, பிள்ளை ‘ஸிட்’, அம்மா ‘ஒக்காரு’ என்றால் குட்டி யார் சொல்வதைக் கேட்கும்? உட்காரு, வா, விடு, இரு, இடம் என்று ஐந்து சொல் முடிவு செய்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை, பசிக்கும் நேரத்தில். முதல் சில வாரம் பெரிய நாய் இல்லாமல் தனியாக. ‘வா’ என்று கூப்பிட்டு ஒரு நாளும் திட்டாதீர்கள், குளிப்பாட்டவும் தூக்காதீர்கள். ‘விடு’ என்றால் வாயில் இருப்பதைப் பிடுங்காமல், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கப் பிடுங்கத்தான் ஒளித்து வைக்கவும் உறுமவும் கற்கிறது.

தனித்தனியே பழகியதும், பல பிராணிகள் உள்ள வீட்டுக்கு மிகவும் உதவுகிற ஒரு பயிற்சியைத் தொடங்குங்கள். இரண்டு நாய்க்கும் தனித்தனி மிதியடி. இரண்டையும் உட்கார வையுங்கள். பெரிய நாயின் பெயர் மணி என்றால், ‘மணி’ என்று கூப்பிட்டு அதற்கு ஒரு துண்டு. பிறகு குட்டியின் பெயர் சொல்லி அதற்கு ஒன்று. பெயர் சொல்லப்படாதது எட்டிப் பறிக்க வந்தால் கையை மூடிக்கொள்ளுங்கள், அது திரும்பத் தன் இடத்தில் உட்காரும் வரை காத்திருங்கள். என் பெயர் வரும், எனக்கும் கிடைக்கும் என்று புரிந்துவிட்ட வீட்டில் வாசல் மணி அடித்தாலும் கறி வெட்டினாலும் தள்ளுமுள்ளு இருக்காது. பூனையும் சமையல் மேடையில் உட்கார்ந்து இதில் சேர்ந்துகொள்ளும்.

மூன்று மாதம் வரையிலான காலத்தில் குட்டி எதைப் பார்க்கிறதோ அது அதற்குச் சகஜமாகிவிடும். தரையில் விட முடியாவிட்டாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போங்கள். இஸ்திரி வண்டி, ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் பார்க்கட்டும். குக்கர் விசிலும் மிக்ஸி சத்தமும் முதலில் தூரத்தில் இருந்து கேட்கட்டும். பட்டாசுச் சத்தத்தை ஃபோனில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சாப்பிடும்போது கேட்க வைத்து, வாரம் வாரம் கூட்டுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் தொடங்கினால் பயன் இல்லை.

மருந்தும் ஊசியும்

முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். அதன் பிறகு மருத்துவர் சொல்கிறபடி தொடர்ந்து. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இதை இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுக்கவும் அது வேண்டும். குட்டிக்கு வயிற்றுப் பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வீட்டில் மற்றவற்றுக்கும் அதை ஒட்டியே கொடுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மருந்து, அதனதன் எடைக்கு.

உண்ணி மருந்தில்தான் உயிர் போகிறது. நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது கொடிய விஷம், நடுக்கமும் வலிப்பும் வந்து சாகும். நாயின் மேல் ஈரம் காய்வதற்குள் பூனை உரசினாலும் ஆபத்துதான். நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது. ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து முயலுக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்காமல், வீட்டில் என்னென்ன பிராணி இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், கனமான போர்வை, நடுவில் செருகும் பலகை, எவர்சில்வர் தட்டைத் தரையில் போடும் சத்தம் எதுவும் உதவும். பிரித்ததும் வேறு வேறு அறையில் விட்டு, முடிக்குள் பல் இறங்கிய துளை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பூனைக் கடி மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். உங்களைக் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, குட்டிதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

ஆறு மாதத்துக்கு மேல்

எல்லாம் படிந்துவிட்டது என்று நினைக்கும்போது குட்டி இளவட்டமாகும். கூப்பிட்டால் வராது, மறந்த கழிப்பிடத் தப்புகள் திரும்ப வரும், பெரிய நாயைச் சீண்டிப் பார்க்கும். இதுவரை குட்டி என்று பொறுத்துக்கொண்ட பெரிய நாயும் இனிப் பொறுக்காது. கோபப்படாமல் பழைய படிகளுக்கே திரும்புங்கள். தனி நடை, தனித் தட்டு, கேட் எல்லாம் மறுபடி.

கருத்தடை பற்றி ஐந்தாம் மாதமே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பெண் குட்டி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முதல் முறை பருவத்துக்கு வரும். வீட்டில் ஆண் நாய் இருந்தால் அந்த மூன்று வாரமும் ஒரு கதவு போதாது. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகலாம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லோரையும் ஒன்றாக விட்டுவிட்டு வெளியே போவது கடைசிப் படி. குட்டிக்கு ஒரு வயது நெருங்கி, சில மாதமாகச் சண்டையோ துரத்தலோ இல்லை என்றால் முயற்சி செய்யலாம். முதலில் குப்பை கொட்டிவிட்டு வரும் நேரம். அப்புறம் கடைக்குப் போய் வரும் நேரம். பொம்மை, எலும்பு, தட்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பூனையின் அறைக்குப் போகும் வழியில் போட்ட பலகையை மட்டும் எடுக்க வேண்டாம், அது நிரந்தரமாகவே இருக்கட்டும்.